கலீனாவின் கிழங்குப் பாத்தியும் ஒரு பனிமானும்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைத் தேநீரை இன்னும் வாயில் வைக்கவில்லை. தோட்டத்திலிருந்து என் மனுசன் தொலைபேசி எடுக்கிறார்.

"இஞ்சேரப்பா, உடனே வாரும். எங்கட கீரைப் பாத்திக்குள்ள ஒரு மாடு நிக்குது."

"ஜெர்மனியில, ஹம் டவுனுக்குள்ள எங்கால மாடு? நித்திரைக் கலக்கத்தில கதைக்கிறியளே?"

"மாடெண்டுதான் நினைக்கிறன். ஆனால் தலையில மரம் முளைச்சிருக்கு."

கோதாரி, காலையிலேயே தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுச் சட்டைக்கு மேலேயே குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

மனுசன் பொய் சொல்லவில்லை. உறைபனி விழுந்த புல்லுக்கு நடுவில், கிறிஸ்மஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அந்தப் பனிமான் நின்றது. கழுத்தில் சிவப்புப் பட்டி, பட்டியில் ஒரு மணி. வாயில் எங்கள் குருன்கோல் கீரை. நறுக் நறுக்கென்று அது சப்புகிற சத்தம் படலை வரைக்கும் கேட்டது. குருன்கோலை முதல் உறைபனி விழுந்த பிறகு வெட்டினால்தான் ருசி என்று மனுசன் மாதக்கணக்கில் காத்திருந்தார். அந்த ருசி மானுக்கும் தெரிந்திருக்கிறது.

கிறிஸ்மஸ் சந்தைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுவந்த மான் எப்படியோ கழன்று வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? மனுசன் ஒரு கையில் சருகு கூட்டுகிற வாரியை வைத்துக்கொண்டு மறு கையால் தோட்டக்காரர் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் செய்தி போட்டுவிட்டார்.

"மான் வந்திருக்கு. ஒருத்தரும் பயப்பட வேண்டாம். கலீனாவைக் கூப்பிட்டிருக்கிறன். அவ மான் மேய்க்கிற சாதி."

வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் அன்று பின்னேரம்தான், பக்கத்துக் காணிக்காரி கலீனாவின் தோட்டத்தைப் பறிப்பதா விடுவதா என்று தோட்டக்காரர் சங்கம் முடிவு சொல்ல இருந்தது.

கந்தோர்க்காரன் கமக்காரன் ஆன கதை

போன கிழமை இந்தப் பத்தியில் நான் முதியோர் இல்லத்துச் சமையலறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, டோர்ட்முண்டிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டு, "நீர் எப்பவும் வேலையிடத்தைப் பற்றியே எழுதுறீர், தோட்டத்தைப் பற்றியும் எழுதுமன்" என்றார். எழுதுகிறேன் அக்கா. ஆனால் பூவும் காயும் எதிர்பார்க்காதீர்கள்.

ஜெர்மன்காரர் மாடி வீட்டில் இருந்துகொண்டு, வேறோரிடத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்வார்கள். ஷ்ரேபர்கார்டன் என்று பெயர். வேலிக்கு வேலி ஒட்டினபடி துண்டு துண்டாகக் காணி, ஒவ்வொன்றிலும் ஒரு மரக் கொட்டில். சங்கம் உண்டு, தலைவர் உண்டு, சட்டம் உண்டு. வேலி நெஞ்சுக்கு மேலே வளரக் கூடாது. மத்தியானத்தில் புல் வெட்டுகிற இயந்திரம் சத்தம் போடக் கூடாது. காணியில் மூன்றில் ஒரு பங்கில் காய்கறியோ பழமோ இருந்தே ஆக வேண்டும். கோயில் கொடியேற்றத்துக்குக்கூட இவ்வளவு நியமம் நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் என் மனுசன் தபால் கந்தோரில் இருந்தவர். மண்ணில் கை வைத்தால் நகம் ஊத்தையாகும் என்று கிணற்றடி வாழைக்குக்கூடத் தண்ணீர் கட்டாதவர். அகதியாக இங்கே வந்து, குழாய்த் தொழிற்சாலையில் வேலை செய்து, பென்ஷன் எடுத்த அடுத்த மாதமே "நான் தோட்டம் செய்யப் போறன்" என்றார். முதல் வருடம் முருங்கை வைத்தார். செத்தது. இரண்டாம் வருடமும் முருங்கை வைத்தார். அதுவும் செத்தது. "நிலம் பழக வேணுமப்பா" என்றார். நிலம் பழகவில்லை. மனுசன்தான் பழகிப் போய்க் குருன்கோலுக்கு மாறினார். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் முருங்கையிலை மாதிரியே இருக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். இராது. ஆனால் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவோம்.

மானும் யானையும்

எங்களுக்குப் பக்கத்துக் காணி கலீனாவுடையது. முழுப்பெயர் கலீனா மில்லர். பெயரைக் கேட்டால் அசல் ஜெர்மன்காரி. ஆளைக் கண்டால் எல்லோரும் "சீனாவோ? மங்கோலியாவோ?" என்பார்கள். முதியோர் இல்லத்தில் அவள் சமையலறையில் நின்றாள், நான் பராமரிப்பில் நின்றேன். அப்படித்தான் சிநேகிதம். நாங்கள் கதைப்பது ஜெர்மனில்தான். இரண்டு பேருடைய ஜெர்மனையும் கேட்டால் ஜெர்மன்காரருக்குத் தலையிடி வரும். அதனால் அவள் பேச்சை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவள் எவென்கி. சைபீரியக் காட்டில் பனிமான் வளர்த்து, மானில் ஏறிப் போய், மான் பால் குடித்து, மான் மேய்கிற இடத்துக்குக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போன சனம். புருஷன் விக்டர், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஜெர்மன் குடும்பத்துப் பிள்ளை. சோவியத் கலைந்த பிறகு ஜெர்மனி அவரைப் போன்றவர்களைத் திருப்பிக் கூப்பிட்டது. அவரோடு கலீனாவும் வந்தாள். விக்டர் சில வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எவென்கி என்று சொன்னவுடனேயே சனம் கேட்கிற முதல் கேள்வி, "மான் ஓட்டுவீர்களா?" கலீனா அதற்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கும் அந்தச் சிரிப்பு பழக்கம். இல்லத்தில் ஒரு கிழவர் தினம் காலையில் மருந்து கொடுக்கப் போனால், "நீ பள்ளிக்கூடத்துக்கு யானையிலா போனாய்?" என்பார். யாழ்ப்பாணத்தில் யானைக்கு எங்கே போவது? நான் முதன்முதல் உயிரோடு யானை பார்த்ததே ஜெர்மனியில், பிள்ளைகளை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போனபோது. ஆனால் கிழவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "ஓம் ஐயா, யானையிலதான்" என்று சொல்லிவிட்டு மருந்தைக் கொடுத்துவிடுவேன்.

நடக்காத கிழங்குக்குக் காவல் என்ன?

சமையலறைப் பின்வாசலில் கோப்பி குடிக்கிற நேரங்களில் கலீனா தன் அப்பாவின் கதையைச் சொல்வாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் கதை நிற்கும்.

அரசாங்கம் வந்து, "இனி அலையக் கூடாது. வீடு கட்டித் தாறம், ஓரிடத்தில் இருங்கோ, பயிர் செய்யுங்கோ" என்றதாம். மான்கள் எல்லாம் கூட்டுப் பண்ணைக்கு என்று எழுதிக்கொண்டது. அப்பாவுக்கு மர வீடு ஒன்று கிடைத்தது. அப்பா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாய்களை உள்ளே விட்டுவிட்டு, முற்றத்தில் கூடாரத்தை அடித்துக்கொண்டு படுத்தாராம்.

பிறகு மாடு கொடுத்தார்கள். அப்பாவுக்கு மாட்டைக் கண்டாலே பிடிக்காது. "மான் பனியைக் காலால கிளறித் தன்ர சாப்பாட்டைத் தானே தேடும். இந்தச் சனியனுக்கு நாங்கள் கோடை முழுக்கப் புல்லு வெட்டிக் காய வைச்சு, மாரி முழுக்க ஊட்ட வேணும். ஆர் ஆரை வளர்க்கிறது?" என்று அதிகாரியிடமே கேட்டாராம்.

கடைசியாக உருளைக்கிழங்கு. விதைக் கிழங்கைக் கொடுத்து, நடச் சொன்னார்கள். அப்பா நல்ல பிள்ளையாக நட்டார். நட்டுவிட்டு, பண்ணை மான்களோடு காட்டுக்குப் போய்விட்டார். இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வந்தார். பொறுப்பாளர் ஆள் உயரத்துக்கு நிற்கிற களையைக் காட்டிக் குதித்தாராம். "கிழங்கை விட்டிட்டு எங்கையடா போனாய்?" அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மானெண்டால் ஓடிப் போகும், பின்னால போக வேணும். கிழங்கு நடக்காது. நடக்காத கிழங்குக்குக் காவல் என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே களைக்குள் கையை விட்டுக் கிழங்கைத் தோண்டி எடுத்துக் காட்டினாராம். குட்டிக் குட்டிக் கிழங்கு. ஆனால் கிழங்கு.

இந்த இடத்தில் கலீனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், சிரித்துச் சிரித்து.

தன் கதையைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை. சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிக்கூடம் முடிய மாட்டுப் பண்ணையில் பால் கறக்க விட்டார்கள். பிறகு சின்ன ஊர்களை மூடிப் பெரிய ஊரோடு சேர்க்கிறோம் என்று அங்கிருந்தும் கிளப்பினார்கள். பிறகு ஜெர்மனி.

"எங்கட ஆக்கள் அலையிற சனம் எண்டு புத்தகத்தில எழுதியிருக்காம்," என்றாள் ஒருநாள். "என்ர அப்பா போனது தன்ர விருப்பத்துக்கு. நான் போனதெல்லாம் மற்றவன் சொல்லி. நானாய்ப் பார்த்து, எனக்கு வேணுமெண்டு எடுத்த இடம் இந்தத் தோட்டம் ஒண்டுதான், புஷ்பம். இதை விட்டிட்டு நான் ஓரிடமும் போகமாட்டன்."

எங்களுக்குத் தெரியாத கதையா அது?

தலைவரும் களையும்

சிக்கல் என்னவென்றால், கலீனா தோட்டம் செய்கிற முறை. அப்பாவின் முறையேதான். சித்திரையில் வந்து அருமையாகக் கொத்தி, கிழங்கை நட்டு, மண்வெட்டியைக் கழுவிக் கொட்டிலில் மாட்டிவிடுவாள். அதற்குப் பிறகு வருவாள், கதிரையைப் போட்டு இருப்பாள், தேநீர் குடிப்பாள், வானத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். களையைத் தொடவே மாட்டாள். ஆடி மாதத்தில் அந்தக் காணிக்குள் கலீனா இருக்கிறாளா இல்லையா என்பதையே கூப்பிட்டுத்தான் அறிய வேண்டும்.

சங்கத் தலைவர் ஹெர் புருக்னருக்குக் களை என்றால் உடம்புக்கு ஆகாது. ஓய்வுபெற்ற மனிதர், ஒற்றைக் களையைக் கண்டாலும் குனிந்து பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போடுகிறவர். அந்தக் களைக்குக் கீழே கிழங்கு இருக்கிறதென்று எனக்குத் தெரியும், கலீனாவுக்குத் தெரியும், அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. இரண்டு தரம் எச்சரித்தார். மூன்றாம் தரம் என்னிடம் வந்தார்.

"பாருங்கோ, எனக்கு அவவில கோபமில்லை," என்றார், மெத்த இரக்கமான குரலில். "அவையள் மானோட திரிஞ்ச சனம். ஓரிடத்தில இருந்து பயிர் செய்யிறது அவையின்ர இரத்தத்தில இல்லை. வேறை ஆக்கள் காணிக்குக் காத்துக்கொண்டு நிக்கினம்."

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். இரக்கப்பட்டால் என்ன செய்வது? "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். கிறிஸ்மஸ் காலத்துக் கோப்பிக் கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூட்டம் நடக்க இருந்த நாளில்தான் மான் வந்தது.

உப்பும் அதற்குப் பிறகும்

கலீனா வந்து சேர்ந்தபோது பாதிச் சங்கம் எங்கள் வேலியைச் சுற்றி நின்றது. தலைவரே முன்னுக்கு வந்து படலையைத் திறந்துவிட்டார்.

"ஃபிராவ் மில்லர், நல்ல காலம் வந்தியள். இது உங்கட வேலை."

கலீனா என் பக்கத்தில் வந்து நின்று, வாயை அசைக்காமல் சொன்னாள்: "புஷ்பம், நான் வாழ்க்கையில மான் பிடிச்சதில்லை."

"உங்கட ஆக்கள்..." என்று இழுத்தார் மனுசன்.

"ஆக்கள் பிடிச்சவை. நான் விடுதியில கணக்குப் படிச்சனான்."

மனுசன் பேய் முழி முழித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வாரியைக் கீழே போட்டார்.

"ஏதாவது செய்யும்," என்றேன் கலீனாவிடம். "பின்னேரம் இவை காணியைப் பற்றிச் சொல்லப் போகினம். தலைவர் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறார், பாரும்."

அவளுக்கு ஞாபகத்தில் இருந்தது உப்பு. மானுக்கு உப்பென்றால் உயிராம். எங்கள் கொட்டிலில் சோளம் அவித்துத் தின்ன வைத்திருந்த உப்பை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் போய் நீட்டினாள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மான் முகர்ந்து பார்த்தது. தும்மியது. திரும்பிக் கீரையில் வாயை வைத்தது.

"இன்னுமொண்டு இருக்கு," என்றாள் கலீனா, கொஞ்சம் தயங்கி. "அப்பா காலமை கூடாரத்துக்கு வெளியில ஒண்டுக்குப் போனால் மானெல்லாம் ஓடி வரும். அதிலயும் உப்பு இருக்கெல்லே."

பெண்கள் எல்லோரும் ஆண்களைப் பார்த்தோம். ஆண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திறந்த வெளியில் அப்படிச் செய்வது சங்கச் சட்டத்துக்கு விரோதம் என்றார். என் மனுசன், வாட்ஸப் செய்தியால் வந்த குற்ற உணர்ச்சியோ என்னவோ, "நான் போறன்" என்று வீரமாகக் கொட்டிலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"ஏலாதப்பா. உத்தனை சனம் காத்துக்கொண்டு நிக்கேக்கை எப்பிடி வரும்?"

அந்த இடைவெளியில் மான் எங்கள் கீரையை முடித்துவிட்டு, வேலியை ஒரு எட்டில் தாண்டி, தலைவரின் காணிக்குள் இறங்கியது. அவருடைய லீக்ஸ் பாத்தி படைவீரர் மாதிரி வரிசையாக நிற்கும். மான் முதல் வரிசையில் தொடங்கியது.

தலைவரின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "அவசர நிலைமையில சட்டத்துக்கு விதிவிலக்கு உண்டு," என்று ஒருவரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, தன் கொட்டிலுக்குப் பின்னால் நடந்தார். ஐயோ, அந்த நடையை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மானையே பார்த்தபடி நின்றார். நாங்களும் பார்த்தோம். மான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் வரிசைக்குப் போனது.

அப்போதுதான் கலீனாவுக்குப் பொறுமை போனது. தலைவரின் வாசலில் கிடந்த தகர வாளியை எடுத்து, நாலு கல்லைப் போட்டு, கட கடவென்று ஆட்டிக்கொண்டு, ரஷ்ய மொழியில் பெருங்குரலில் ஏசத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மான் சட்டென்று தலையைத் தூக்கியது. வாளியைப் பார்த்தது. லீக்ஸை அப்படியே விட்டுவிட்டு, மணி கிணுகிணுக்க அவளுக்குப் பின்னால் நடந்தது. கலீனா அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, தன் காணிக்குள் விட்டுப் படலையைச் சாத்தினாள். சனம் கை தட்டியது.

"இது மானில்லை, புஷ்பம்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "பண்ணையில பிறந்து, வாளியில தின்னுற சாமான். மாட்டை மாதிரித்தான் இதையும் ஏச வேணும்."

பிறகு சொந்தக்காரி வண்டியோடு வந்து, "லோட்டெ!" என்று கூப்பிட, அந்த மான் நல்ல பிள்ளையாக ஏறிப் படுத்துக்கொண்டது.

கோப்பியும் கேக்கும்

பின்னேரம் சங்க மண்டபத்தில் ஒரே சிரிப்பு. லீக்ஸைப் பறிகொடுத்த தலைவர்கூட நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கேக் வெட்டி முடிய எழுந்து நின்று, கோப்பையைக் கரண்டியால் தட்டினார்.

"ஃபிராவ் மில்லரின்ர காணியைப் பற்றி இண்டைக்கு முடிவு சொல்ல வேணும். காலமை நடந்ததுக்குப் பிறகு செயற்குழு கூடிக் கதைச்சது. நாங்கள் காணியை எடுக்கேல்லை."

நான் மனுசனின் கையைப் பிடித்தேன்.

"ஒரு யோசனை மட்டும். அவவுக்குக் கிழங்கு சரிவராது, அது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காணிக்கு மட்டும் பயிர்ச் சட்டத்தில விதிவிலக்குக் குடுத்து, பாத்தி இல்லாமல், ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ரெண்டு மானை வாடகைக்கு எடுத்துக் கட்டுவம். ஃபிராவ் மில்லர் தங்கட உடுப்பைப் போட்டுக்கொண்டு பிள்ளையளுக்குக் காட்டலாம். அது அவவின்ர இரத்தத்தில இருக்கிற வேலை."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஜெர்மனியில் அதுதான் பாராட்டு. என் மனுசனும் தட்டினார். நான் காலில் ஒரு மிதி மிதித்தேன், நிறுத்தினார்.

ஓம் என்று தலையாட்டினால் காணி அவளுக்கு. யானையில் பள்ளிக்கூடம் போனேன் என்று எத்தனை தரம் நான் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பேன்! சொல்லிவிட்டு வந்துவிடு பிள்ளை, காணியாவது மிஞ்சட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

கலீனா எழுந்தாள்.

"என்ர அப்பாட்டை மானைப் பறிச்சுப்போட்டு, கிழங்கைக் குடுத்தாங்கள்," என்றாள். "இப்ப நீங்கள் என்னட்டைக் கிழங்கைப் பறிச்சுப்போட்டு, மானைத் தாறியள். ரெண்டு தரமும் எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

யாரோ ஒருவர் கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

"எனக்கு மான் வேண்டாம். எனக்கு மானைத் தெரியாது. களை பிடுங்க வேணுமெண்டால் பிடுங்கிறன். பிடிக்காது, ஆனாலும் பிடுங்கிறன். நான் கிழங்குதான் போடப் போறன். அதுக்குக் காணி தர ஏலாதெண்டால், எடுங்கோ."

சொல்லிவிட்டு இருக்கவில்லை. நின்றாள். எனக்கு அழுகை வந்தது. கைக்குட்டையைத் தேடினேன், மனுசன் தன்னுடையதை நீட்டினார்.

ஹெர் புருக்னர் ஆறிப்போன கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். செயற்குழுவில் மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. கடைசியில் கலீனாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கிழங்கு போடப் போறியள்?"

எங்கள் சங்கத்தில், போகப் போகிற ஆளிடம் வருகிற வருடத்துக் கிழங்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கலீனாவுக்கும் அது தெரியும். கதிரையை இழுத்துப் போட்டு, பொத்தென்று இருந்தாள்.

"சிவப்புத் தோல்."

"சிவப்பு இந்த மண்ணுக்கு வராது, ஃபிராவ் மில்லர்."

கலீனா கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வருதோ வரேல்லையோ," என்றாள், "நான் இருந்து பாக்கிறன்."